கைகால என்று ஒரு சாதி

போன ஆடிக்கிருத்திகைக்கு வந்திருந்த தங்கை மகனும் என் மகனும் திண்ணையில் உட்கார்ந்து போனை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் பதினேழு வயது. கல்லூரி விண்ணப்பத்துக்காகச் சாதிச் சான்றிதழைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். தங்கையைக் கொடுத்திருப்பது பொதட்டூர்பேட்டையில். எங்கள் நகரியிலிருந்து பஸ் ஏறினால் காலை டிபனுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம், ஆனால் நடுவில் மாநில எல்லை ஒன்று வந்துவிடுகிறது. தமிழ்நாட்டுத் தாளில் மருமகனுடைய சாதி ‘செங்குந்தர்’. என் மகனுடைய ஆந்திரத் தாளில் ‘கைகால’. மருமகன் அதை வாய்விட்டுப் படித்துச் சிரித்தான். “கை கால்னு கூடவா மாமா சாதிக்குப் பேரு வெப்பாங்க?” அப்புறம் சிரிப்பு நின்று, நிஜமாகவே கேட்டான்: “நாங்க ரெண்டு பேரும் ஒரே சாதிதானா?”

ஒரே சாதிதான் என்று உடனே சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் இவன் அம்மாவை அங்கே கொடுத்திருப்போமா, நாலு தலைமுறையாக அங்கிருந்து பெண் எடுத்து இங்கிருந்து பெண் கொடுத்திருப்போமா? ஆனால் சொன்ன பதிலில் எனக்கே நிறைவில்லை. செங்குந்தர் என்றால் என்ன, கைகால என்றால் என்ன, வீட்டில் சொல்லிக்கொள்கிற முதலியார் என்றால் என்ன என்று அவர்கள் கேட்டிருந்தால் எதில் தொடங்குவது? அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டில் என் ஆயா, அதாவது பாட்டி, கேட்ட ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. அதைப் பற்றி எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

தாத்தாவுக்குப் பிடிக்காத பெயர்

எங்கள் தாத்தாவுக்குக் ‘கைக்கோளர்’ என்ற சொல்லே ஆகாது. யாராவது சொல்லிவிட்டால் முகம் சிவந்துவிடும். “செங்குந்த முதலியார்னு சொல்லு” என்று திருத்துவார். சிறு வயதில் அது ஏதோ வசவு என்றே நினைத்திருந்தேன். கல்வெட்டில் இருப்பதும் அந்தச் சொல்தான், ஆந்திர அரசின் பிற்பட்டோர் பட்டியலில் ‘பி’ பிரிவில் ‘கைகோளன் அல்லது கைகால’ என்று எழுதி அடைப்புக்குறிக்குள் செங்குந்தர் என்று போட்டிருப்பதும் அதைத்தான் என்று வளர்ந்த பிறகு தெரிந்தது. தமிழ்நாட்டுப் பட்டியலிலும் கைக்கோளர், செங்குந்தர் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உண்டு. ஆனால் அங்கே கேட்டு வாங்குகிறவர்கள் செங்குந்தர் என்றே வாங்குகிறார்கள். 1920களின் பிற்பகுதியில் சங்கம் கூட்டி, பத்திரிகை நடத்தி, பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்லி ஊர் ஊராகப் போன பெரியவர்களின் உழைப்பு அது. செங்குந்தம் என்றால் சிவந்த ஈட்டி. கையில் தறி நாடா பிடித்தவன் என்ற பெயரைவிட ஈட்டி பிடித்தவன் என்ற பெயர் அவர்களுக்கு உயரமாகப் பட்டது. தறிக்காரனை ஊர் எப்படி நடத்தியது என்று தெரிந்தவர்கள் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை.

அந்தப் பெயர் மாற்றம் எல்லைக்கு இந்தப் பக்கம் பாதிதான் வந்து சேர்ந்தது. 1911இல் சித்தூர் ஜில்லா உண்டானபோது கார்வேட்டிநகர ஜமீனைச் சேர்ந்த புத்தூரும் திருத்தணியும் எல்லாம் இதற்குள்தான் இருந்தன. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது மொத்தமாக அந்தப் பக்கம் போனோம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், எல்லையை வகுத்த படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பக்கமும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நகரி, புத்தூர், நாராயணவனம் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டன. முந்தின நாள் வரை ஒரே ஜில்லாவில் தறிக்குப் பாவு நூல் ஓட்டிக்கொண்டிருந்த பங்காளிகள் மறுநாள் இரண்டு மாநிலத்துக்காரர்கள். இந்தப் பக்கத்துக் குமாஸ்தா தெலுங்கில் கைகால என்று எழுதினார், எழுதினது எழுதினபடியே இருந்துவிட்டது. தாத்தா கைவிட்ட பெயரைக் கொள்ளுப்பேரன் தாளில் கொண்டுவந்து சேர்த்தது இந்தக் கோடுதான்.

என் சான்றிதழ் வாங்க நைனா என்னை மண்டல ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறது. “மீரு மொதலியார்லா?” என்று கேட்டார் உட்கார்ந்திருந்தவர். நைனா ஆமாம் என்றார். முதலியார் என்றால் எழுத முடியாது, அது பட்டம், சாதி இல்லை என்றார் அவர். சொன்னது சரிதான். வேளாளரில் சில பிரிவினரும் அதே பட்டத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். நைனா கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “கைகால” என்றார். அந்தத் தணிந்த குரலை என்னால் மறக்க முடியவில்லை. ராத்திரி பகலாக மிதித்து நூறு பேருக்குத் துணி கொடுத்த மனுஷன், தன் தொழிலின் பெயரைச் சொல்லக் குரலைத் தாழ்த்தினார்.

புத்தகத்தில் இருந்தது

எட்டு வருஷத்துக்கு முன்னால் குல வரலாறு என்று ஒரு சின்னப் புத்தகம் உறவுக்காரர் ஒருவர் கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு கொடுத்தார். எல்லாச் சாதிக்கும் இப்படி ஒன்று இருக்கிறது, அதன் அமைப்பும் எல்லாருக்கும் தெரியும். முதல் பக்கத்தில் தெய்வம், நடுவில் அரசர்கள், கடைசியில் அறிஞர் அண்ணா, பாரதிதாசன், திருப்பூர் குமரன் படங்கள். எங்கள் புத்தகம் பார்வதியின் சிலம்பு சிதறியதில் தொடங்கியது. தெறித்த ஒன்பது மணிகளிலிருந்து நவசக்திகள் தோன்ற, அவர்கள் வயிற்றில் வீரபாகு முதலான நவவீரர்கள் பிறந்து, முருகனோடு சூரனை எதிர்த்துப் போருக்குப் போனார்கள். அந்த நவவீரர்களின் வழி வந்தவர்கள் நாம். பல ஊர்ச் சூரசம்ஹாரத்தில் இன்றைக்கும் செங்குந்தர்கள்தான் நவவீரர் வேஷம் கட்டுகிறார்கள்.

அடுத்து சோழர் படை. இதற்கு ஆதாரம் கல்லிலேயே இருக்கிறது. ‘சமரகேசரித் தெரிஞ்ச கைக்கோளர்’, ‘விக்கிரமசிங்கத் தெரிஞ்ச கைக்கோளர்’ என்று கல்வெட்டுகள் படைப்பிரிவுகளைச் சொல்கின்றன. தெரிஞ்ச என்றால் தெரிந்தெடுத்த. படித்தபோது எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கைக்கோளரும் தறிக் கைக்கோளரும் ஒரே கூட்டமா என்பது ஆய்வாளர்களுக்குள் முடியாத வழக்கு. கைவலிமை உடைய வீரர் என்பதே அங்கே பொருள், அது சாதிப் பெயர் இல்லை என்று ஒரு கட்சி. நெய்கிறவனே தேவைப்பட்டபோது வாள் எடுத்தான் என்று இன்னொரு கட்சி. தறியைப் பற்றிய ஆதாரமோ சந்தேகமே இல்லாமல் கிடைக்கிறது. பிற்காலச் சோழர் காலத்திலிருந்து கோயிலைச் சுற்றிய தெருக்களான திருமடைவிளாகத்தில் குடியிருந்து, நெய்து, தறிக்குக் கடமை என்ற வரி கட்டியவர்களாகக் கைக்கோளர் வருகிறார்கள். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், காஞ்சிபுரத்துக் கைக்கோளருக்கு இருக்கிற பல்லக்கு உரிமையும் சங்கு ஊதும் உரிமையும் எங்களுக்கும் வேண்டும் என்று மற்ற ஊர்க் கைக்கோளர் கேட்டு வாங்கியதை விஜயநகரக் காலக் கல்வெட்டு சொல்கிறது. எனக்கு இந்தக் கல்வெட்டுதான் ரொம்பப் பிடிக்கும். யாரையும் கொன்று வாங்கின உரிமை இல்லை அது. துணி விற்றுக் கையில் காசு சேர்ந்தவர்கள், தங்களைக் கீழே வைத்திருந்த ஊரிடம் பல்லக்கில் போவோம் என்று நிமிர்ந்து கேட்டு வாங்கினார்கள். எங்கள் புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

ஒட்டக்கூத்தருக்கு மட்டும் ஆறு பக்கம். மூன்று சோழர்களுக்கு அவைப்புலவராக இருந்தவர், எங்கள் குலத்தவர் என்பது வழக்கு. தங்களைப் பாட வேண்டும் என்று செங்குந்தர்கள் அவரிடம் போகிறார்கள். அவர் மறுக்கிறார். கடைசியில், தலைச்சன் பிள்ளைகளின் தலையைக் கொண்டுவந்தால் பாடுகிறேன் என்கிறார். கொண்டுவந்து குவிக்கிறார்கள். அந்தத் தலைகளின் மேல் ஏறி உட்கார்ந்து ஈட்டியெழுபது பாடுகிறார். பிறகு எழுப்பெழுபது பாட, அறுந்த தலைகள் உடம்போடு ஒட்டிக்கொள்கின்றன.

ஆயா கேட்டது

அந்தப் புத்தகத்தை ஆயாவுக்கு நான் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு அப்போது எண்பதுக்கு மேல், கண் மங்கிவிட்டது. ஆனால் கை சும்மா இருக்காது. ராட்டினத்தைச் சுற்றிக்கொண்டே கேட்டாள். சிலம்பு உடைந்தது, வீரபாகு பிறந்தார் எல்லாம் அவளுக்குத் தெரிந்த கதைதான், தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். தலைகளைக் குவித்த இடம் வந்தபோது ராட்டினம் நின்றது.

“அந்தப் புள்ளைங்கள பெத்தவளுங்க இன்னா சொன்னாளுங்க?”

புத்தகத்தைப் புரட்டினேன். இல்லை. கொடுத்த அப்பன்கள் உண்டு, வாங்கின புலவர் உண்டு, பெற்றவள் ஒருத்தியும் இல்லை. “எழுதலையே ஆயா” என்றேன். “கேட்டிருக்க மாட்டானுங்க” என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. சரி, தூங்கப் போகிறாள் என்று புத்தகத்தை மூடிவைத்தேன். அப்போதுதான் சொன்னாள், “எங்க அத்தையையும் அப்பிடித்தான் குடுத்தாங்க. அது தலைச்சன்தான்.”

அவளுடைய அப்பாவின் அக்கா. ஆயா பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னால், ஒரு கோயிலில் பொட்டுக் கட்டிவிட்டார்கள், அதாவது சாமிக்கே தாலி கட்டித் தேவதாசியாக விட்டுவிட்டார்கள். வீட்டில் அடுத்தடுத்துப் பிள்ளைகள் தங்கவில்லை, ஒன்றைச் சாமிக்கு விட்டால் மற்றவை பிழைக்கும் என்று வேண்டிக்கொண்டார்களாம். அதற்குப் பிறகு பிறந்து பிழைத்தவர்தான் ஆயாவின் அப்பா. அந்த அத்தை பாடுவாளாம். ஆயாவுக்கு நினைவு தெரிந்த காலத்தில் வயதாகி, தனியாக ஒரு வீட்டில் இருந்தாள். நல்ல நாளைக்குத் தம்பி வீட்டுக்கு வருவாள், கல்யாணத்தில் தாலிச் சரட்டுக்குக் கருகமணி கோத்துக் கொடுப்பாள், ஏனென்றால் அவளுக்கு விதவைத்தனம் கிடையாது, நித்திய சுமங்கலி. 1947இல் பொட்டுக் கட்டுவதைத் தடுத்துச் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்த பிறகு, அதே தம்பி வீட்டு வாசலில் அவள் வந்து நிற்பது கூச்சமாகிவிட்டது. சுமங்கலி என்று கூப்பிட்டவர்கள் வேறு பெயர் சொன்னார்கள். “வரத விட்டுடுச்சி. நாங்களும் போவல” என்றாள் ஆயா. அவள் அழவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

பிறகு நானே தேடிப் படித்தேன். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஆங்கிலேயர் எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் மூன்றாவதில் கைக்கோளர் வருகிறார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கைக்கோள இசைக்காரர் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு பெண்ணையாவது கோயிலுக்கு விடுவது வழக்கம் என்று அதில் இருக்கிறது. தர்ஸ்டன் தலையையும் மூக்கையும் அளந்து சாதியைக் கண்டுபிடிக்கப் பார்த்தவர், அவர் எழுதியதையெல்லாம் வேதவாக்காக எடுக்க நான் தயாரில்லை. ஆனால் ஆயா வாயால் கேட்ட பிறகு அந்தப் பக்கத்தை எப்படிப் பொய் என்று தள்ளுவது? தாத்தா கைக்கோளர் என்ற பெயருக்கு ஏன் அவ்வளவு கூசினார் என்பதும் அன்றுதான் கொஞ்சம் புரிந்தது. அவர் தறிக்கு மட்டும் வெட்கப்படவில்லை. அந்தப் பெயர் இருக்கிற வரை அந்த அத்தையும் கூடவே இருந்தாள். பெயரை மாற்றினால் அவளும் போய்விடுவாள்.

தலைச்சன் பிள்ளைகளைக் கொடுத்ததை ஆறு பக்கம் பெருமையாக எழுதுகிற சமூகம், தலைச்சன் பெண்ணைக் கொடுத்ததை எழுதாமல் விட்டதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. முதலாவது நடந்ததா என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது நடந்தது, அவள் கோத்த கருகமணி என் ஆயாவின் கழுத்தில் கிடந்தது. வெட்கப்பட வேண்டியது அவள் இல்லை. கொடுத்த வீடும், வாங்கின கோயிலும், பிறகு வாசலைச் சாத்தினவர்களும்தான். அவளை விட்டுவிட்டு ஒரு குல வரலாறு எழுதினால் அது எனக்கு வேண்டாம்.

படமரத்தில் பிரம்மா

தர்ஸ்டனில் இன்னொன்றும் கிடைத்தது. அதைக் கண்டபோது பழைய பெட்டியில் வீட்டுப் பத்திரம் கிடைத்த மாதிரி இருந்தது. கைக்கோளர்கள் தறியின் ஒவ்வொரு உறுப்பையும் ஒரு தெய்வமாக, ரிஷியாக நினைக்கிறார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். நூல் திருமாலின் உந்தித் தாமரைத் தண்டிலிருந்து வந்தது. தேவர்கள் நீளவாக்கில் ஓடும் பாவு நூலானார்கள், நாரதர் குறுக்கே ஓடும் ஊடையானார், வேதமுனி காலால் மிதிக்கும் மிதியானார். பிரம்மா படமரமாக மாறினார், ஆதிசேஷன் கயிறானார். 72 நாடு, அதில் மேல்நாடு 44, கீழ்நாடு 28, சிறுதாலி, பெருந்தாலி என்று பிரிவுகள் என அவர் அடுக்கிக்கொண்டு போகிற விவரங்களுக்கு நடுவே இதுவும் ஒன்று. இதுவும் பிறப்புக் கதைதான். நாங்கள் யார், எங்கிருந்து வந்தோம் என்பதற்கு எங்கள் முன்னோர்களே சொல்லிக்கொண்ட பதில். இதில் ஒரு தலைகூட உருளவில்லை. ஆனால் எங்கள் புத்தகத்தில் இது இல்லை, எனக்குத் தெரிந்த எந்தக் கல்யாணத்திலும் யாரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை.

ஆயாவிடம் படித்துக் காட்டியபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை. “ஆமா, படமரத்தக் கால்ல தாண்டக் கூடாதுன்னு எங்கம்மா அடிக்கும்” என்றாள். எங்களுக்குக் கதை மறந்துபோய், தாண்டக் கூடாது என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. விடிகாலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்க்கும்போது குறுக்கே போனால் எங்களுக்கும் அடி விழும். அறுந்துவிடும் என்பதற்காக அடித்தார்கள் என்று நினைத்திருந்தேன். தேவர்கள் வெயிலில் படுத்திருந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

எங்களுக்குப் பக்கத்து முருகன் திருத்தணி முருகன். ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறினால் சீக்கிரமே இறங்கிவிடலாம். மற்ற படைவீடுகளில் ஐப்பசிச் சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் நடக்கும்போது திருத்தணியில் நடப்பதில்லை, அன்று புஷ்பாஞ்சலிதான். சினம் தணிந்த இடம் என்பதால் அங்கே போர் கிடையாது. நவவீரர் வழி என்று சொல்லிக்கொள்கிற நாங்கள் ஆடி மாதம் காவடி எடுத்துப் படியேறிப் போவது, வேலைக் கீழே வைத்துவிட்ட சாமியிடம். சிறு வயதிலிருந்து போகிறேன். இந்த எண்ணம் வந்தது ஆயா கேட்டதற்குப் பிறகுதான். வீரபாகுவை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போருக்குப் போய் வந்தவரும் கட்டிக்கொள்ள வேட்டி வேண்டாமா? அதை நெய்தவரும் நாங்கள்தானே. அதை ஏன் சத்தமாகச் சொல்லக் கூடாது என்றுதான் கேட்கிறேன்.

ஆயா போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்த ஆடிக்கிருத்திகைக்கு மறுநாள் பையன்கள் இருவரையும் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் ஏழாவது படிக்கும்போது நைனா விசைத்தறி போடுவதற்காக ஒரு தறிக்குழியை மூடினார். இரண்டாவது குழியை ஆயா மூட விடவில்லை, கடப்பைக் கல் போட்டு அதன் மேல் அரிசி டிரம் வைத்துக்கொண்டாள். டிரம்மை நகர்த்திக் கல்லைப் புரட்டினோம். உள்ளே தூசியும் இரண்டு பழைய நாடாவும் ஒரு மிதிகட்டையும் இருந்தன. மருமகனைக் குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்காரச் சொல்லி, எந்தக் காலை எப்போது மிதிப்பது, எந்தக் கையால் நாடாவுக்குக் கயிற்றை இழுப்பது என்று காட்டினேன். குழித்தறியில் கை ஒரு பக்கம் ஓட, கால் ஒரு பக்கம் ஓடும், ஒன்று பிந்தினால் துணி கெட்டுவிடும். “அதான் கைகாலவா மாமா?” என்றான். சொல் அப்படிப் பிறக்கவில்லை, கைக்கோளர்தான் தெலுங்கில் அப்படி ஆனது என்று சொன்னேன். ஆனாலும் அவன் சொன்னது பிடித்திருந்தது.

அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பல்லக்கு, படமரம், தாத்தாவின் கோபம், நைனாவின் தணிந்த குரல், ஆயாவின் அத்தை. பதினேழு வயதுப் பையன்களிடம் பொட்டுக் கட்டியதைச் சொல்வதா என்று கொஞ்சம் தயங்கினேன், பிறகு சொல்லிவிட்டேன். போனில் குடும்ப மரம் ஒன்று போட்டு வைத்திருந்தான் மருமகன். முன்னால் புத்தகத்துக்காக விவரம் கேட்டு வந்தவர் ஆண் வாரிசு மட்டும் போதும் என்றதால் அவர் எழுதிக்கொண்டு போனதில் என் ஆயாவே இல்லை. பையன் அவளை ஏற்கெனவே சேர்த்திருந்தான். அவள் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டத்தைத் திறந்து, “அவங்க பேரு என்ன மாமா?” என்றான். ஆயா எனக்குச் சொல்லியிருந்தாள். அதை இங்கே எழுதவில்லை, வீட்டுக்குள் இருக்கட்டும். அவன் தமிழில் அடித்தான். என் மகனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. போனை வாங்கி அதன் கீழேயே தெலுங்கில் ஒருமுறை அடித்தான்.